யாருடைய ஆள் லெகியா?

2003 மார்ச் 12, பகல் 12.25 மணி இருக்கும். செர்பியப் பிரதமர் சோரான் ஜிஞ்சிச் பெல்கிரேடில் உள்ள அரசுக் கட்டட வளாகத்தில் காரை விட்டு இறங்கினார். கால்பந்து ஆடும்போது பாதத்தில் அடிபட்டிருந்ததால் ஊன்றுகோலின் துணையோடுதான் நடந்தார். அன்று அவர் சந்திக்கவிருந்தவர் சுவீடனின் வெளியுறவு அமைச்சர் அன்னா லிந்த். அந்தச் சந்திப்பு நடக்கவே இல்லை. பக்கத்துத் தெருக் கட்டடம் ஒன்றின் ஜன்னலிலிருந்து பாய்ந்த தோட்டா அவர் மார்பைத் துளைத்தது. மெய்க்காவலர் மிலான் வெருவொவிச் படுகாயத்தோடு உயிர் தப்பினார்.

சுட்டவர் ஸ்வெஸ்தான் யோவானொவிச். அப்போதும் பணியில் இருந்த சிறப்புக் காவல் படை அதிகாரி. சதிக்குத் தலைமை தாங்கியவர் அதே படையின் முன்னாள் தளபதி மிலோராட் உலெமெக். ‘லெகியா’ என்ற பட்டப்பெயர் சொன்னால்தான் செர்பியாவில் பலருக்கும் அவரைத் தெரியும். 2007 மே 23-இல் பெல்கிரேடின் சிறப்பு நீதிமன்றம் இருவருக்கும் தலா 40 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மொத்தம் 12 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

யார் சுட்டார், யார் ஏற்பாடு செய்தார் என்ற கேள்விகளுக்கு நீதிமன்றம் விடை சொல்லிவிட்டது. ஆனால் லெகியா யாருடைய ஆள் என்ற கேள்வி ஓயவில்லை. போதைப்பொருள் கும்பலின் ஆளா, ஹேக் நகரின் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கு அஞ்சிய படைவீரர்களின் ஆளா, பதவி இழந்த பழைய ஆட்சியின் ஆளா, அல்லது யாருக்கும் கட்டுப்படாமல் தனக்குத் தானே எஜமானாகிவிட்டவரா? இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செர்பிய வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு விடைக்கும் வலுவான சான்று இருக்கிறது; ஒவ்வொன்றிலும் ஓட்டையும் இருக்கிறது.

பதிவேட்டில் உள்ள மனிதர்

உலெமெக் 1968-இல் பெல்கிரேடில் பிறந்தவர். இளம் வயதில் நாட்டை விட்டுப் போய்ப் பிரான்சின் அந்நியர் படையில் சேர்ந்தார். பட்டப்பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. யூகோஸ்லாவியா சிதறத் தொடங்கியதும் திரும்பி வந்து, ‘அர்கான்’ எனப்பட்ட ஷெல்யிகோ ரஷ்னாதொவிச்சின் ‘புலிகள்’ ஆயுதக்குழுவில் இணைந்தார். 1970-களில் மேற்கு ஐரோப்பாவில் வங்கிக் கொள்ளைகளுக்காகத் தேடப்பட்டவர் அர்கான். பெல்கிரேடின் ‘ரெட் ஸ்டார்’ கால்பந்து அணியின் முரட்டு ரசிகர் கூட்டத்திலிருந்து தம் படைக்கு ஆள் சேர்த்தவர்.

பொஸ்னியப் போர் முடிந்ததும், செர்பிய அரசுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கிய சிறப்பு நடவடிக்கைப் பிரிவுக்கு லெகியா மாறினார். இந்த உளவுத் துறையின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் யோவித்சா ஸ்தானிஷிச். சிவப்புத் தொப்பியால் அடையாளம் காணப்பட்ட அந்தப் பிரிவை உருவாக்கியவர் அவருக்குக் கீழிருந்த ஃப்ராங்கோ சிமாதொவிச். 1999-இல் பிரிவின் தளபதி பொறுப்பு லெகியாவிடம் வந்தது.

அடுத்து நடந்தவற்றின் வரிசை முக்கியமானது. 1999 அக்டோபர் 3-இல் இபார் நெடுஞ்சாலையில் எதிர்க்கட்சித் தலைவர் வூக் த்ராஷ்கோவிச்சின் வாகன அணிமீது மணல் ஏற்றிய லாரி ஒன்று பாய்ந்தது. அவர் பிழைத்தார், அவருடன் வந்த 4 பேர் இறந்தனர். 2000 ஆகஸ்ட் 25-இல் செர்பியாவின் முன்னாள் அதிபர் இவான் ஸ்டாம்போலிச், பெல்கிரேடின் கோஷுத்னியாக் காட்டுப் பூங்காவில் ஓட்டப்பயிற்சியில் இருந்தபோது கடத்தப்பட்டார். யூகோஸ்லாவிய அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது. அன்றைய அதிபர் மிலோஷெவிச்சை அரசியலில் கைதூக்கி விட்டவரே இந்த ஸ்டாம்போலிச்தான். சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கப்பட்ட அவரது உடல் எச்சங்கள் ஃப்ருஷ்கா கோரா மலையில் கிடைக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின. மூன்றாவது கொலை ஜிஞ்சிச்சுடையது. மூன்று வழக்கிலும் லெகியா தண்டிக்கப்பட்டார்.

முதல் விடை: கும்பலின் தற்காப்பு

மிக எளிய விளக்கம் இது. பெல்கிரேடின் புறநகரான ஸெமுனை மையமாகக் கொண்ட கும்பல் போதைப்பொருள் வணிகத்திலும் ஆள்கடத்தலிலும் கொழுத்தது. துஷான் ஸ்பாசொயெவிச் அதன் தலைவர். லெகியா அதன் நெருங்கிய கூட்டாளி. 2001-இல் பெரும் தொழிலதிபர் ஒருவர் கடத்தப்பட்டு 70 லட்சம் ஜெர்மன் மார்க் பிணைத்தொகைக்குப் பிறகு விடுவிக்கப்பட்டதும் இவர்கள் கணக்கில்தான் எழுதப்படுகிறது. ஜெர்மானியக் கவிஞர் ஷில்லரின் பெயர் தாங்கிய தெருவில் கோட்டை மாதிரி மதில் எழுப்பி வீடு கட்டிக்கொண்டிருந்தார் ஸ்பாசொயெவிச்.

ஜிஞ்சிச் அரசு 2002 ஜூலையில் ஒருங்கமைந்த குற்றங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி தனி அரசு வழக்கறிஞரும் தனி நீதிமன்றமும் அமைந்தன. குற்றவாளிகளே அரசுத் தரப்புச் சாட்சியாக மாற வழி பிறந்தது. போட்டிக் கும்பலின் தலைவர் ஒருவர் வாய்திறக்கத் தொடங்கினார். கைது எந்த நாளும் நடக்கலாம் என்ற நிலை வந்தபோது, முந்திக்கொண்டவர்கள் சுட்டார்கள் என்கிறது இந்த விளக்கம். 

கொலை ஏன் மார்ச்சில் நடந்தது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைப்பது கடினம். பிப்ரவரி 21-இல் புதிய பெல்கிரேடில் பிரதமரின் வாகன வரிசையைக் குறுக்கே மறிக்க முயன்ற லாரியை ஓட்டியவரும் இந்தக் கும்பலின் ஆள்தான். பிடிபட்ட அவர் சில நாட்களிலேயே விடுவிக்கப்பட்டார்.

விளக்கம் தடுமாறும் இடமும் அதுவே. வெறும் ரவுடிக் கும்பலுக்கு நீதித்துறைக்குள் அத்தனை செல்வாக்கு எப்படி வந்தது? பணியில் உள்ள காவல் அதிகாரி ஒருவர் ஏன் துப்பாக்கி தூக்கினார்? இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டின் பிரதமரைக் கொன்றால் அரசு முழுப் பலத்தோடும் மேலே விழும் என்பது அனுபவமுள்ள எந்த தாதாவுக்கும் தெரியும். நடந்ததும் அதுதான். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. ‘வாள்’ என்ற பெயரில் நடந்த வேட்டையில் 11,000-க்கும் மேற்பட்டவர்கள் பிடிக்கப்பட்டார்கள்; விசாரணைக் காவலில் சித்திரவதை நடந்ததாக மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. ஷில்லர் தெரு வீடு புல்டோசரால் தரைமட்டமானது. மார்ச் 27-இல் ஸ்பாசொயெவிச்சும் அவரது வலதுகையும் காவல்துறையோடு நடந்த மோதலில் கொல்லப்பட்டனர். பிரதமர் இறந்தால் அரசு கவிழும், அடுத்து வருபவர்கள் நம்மைத் தொட மாட்டார்கள் என்ற கணக்கு அவர்களிடம் இருந்திருந்தால்தான் இந்தத் துணிச்சல் புரிகிறது. அப்படியொரு கணக்கு இருந்தது என்றால், இது கும்பல் விவகாரம் மட்டும் அல்ல. நீதிமன்றமும் இதை அரசமைப்பைக் குலைக்கும் சதியாகவே பார்த்தது.

இரண்டாம் விடை: ஹேக் மீதான அச்சம்

இரண்டாவது விளக்கம் சுட்டவரின் வாய்மொழியிலிருந்தே பிறந்தது. ஹேக் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்படுவோம் என்ற அச்சத்தைத்தான் யோவானொவிச் காவல்துறையிடம் அளித்த வாக்குமூலத்தில் காரணமாகச் சொன்னார். சதிகாரர்கள் தங்கள் திட்டத்தை ‘ஹேக்கை நிறுத்து’ என்ற முழக்கத்தோடு இணைத்திருந்ததாக அரசுத் தரப்பும் வாதிட்டது.

இதற்கு முன்னோட்டம் உண்டு. 2001 நவம்பரில், ஹேக் தேடிய பனொவிச் சகோதரர்களைப் பிடித்துவரச் சிவப்புத் தொப்பிப் பிரிவு அனுப்பப்பட்டது. பிடித்த பிறகு, தங்களை ஏமாற்றி வேலை வாங்கிவிட்டார்கள் என்று சொல்லிப் பிரிவு கலகம் செய்தது. கவச வாகனங்களைக் கொண்டுவந்து பெல்கிரேடின் நெடுஞ்சாலையையே மறித்தது. ஹேக்குக்கு ஆட்களை அனுப்புவதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும், உள்துறை அமைச்சர் விலக வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். அமைச்சர் தப்பினார். ஆனால் உளவுத் துறையின் தலைவரும் துணைத்தலைவரும் மாற்றப்பட்டு, துணைத்தலைவர் நாற்காலியில் அதே பிரிவில் இருந்த ஒருவர் வந்து அமர்ந்தார்.

தேசியவாத வட்டாரங்களுக்கு இந்த விளக்கம் இனிக்கும். கொலைக்கு அது ஒரு கொள்கைச் சாயம் பூசுகிறது. ஆனால் லெகியாமீது ஹேக் நீதிமன்றம் ஒருபோதும் வெளிப்படையாகக் குற்றப்பத்திரிகை பதிவு செய்ததில்லை. 2001 வசந்தத்தில் மிலோஷெவிச்சைக் கைது செய்யும் முயற்சியில் இறங்கியதும் இவருடைய பிரிவுதான். இபார் சாலையில் இறந்த நால்வரும் செர்பியர்கள், ஸ்டாம்போலிச்சும் செர்பியர், பிணைத்தொகை கொடுத்தவர்களும் செர்பியர்களே. யோவானொவிச்சின் அச்சம் உண்மையாக இருக்கலாம். அந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டவர்களுக்கும் அதே நோக்கம்தான் என்று சொல்ல அது போதாது.

மூன்றாம் விடை: சாகாத பழைய அரசு

வழக்கறிஞர் ஸ்ர்ஜா பொபொவிச், ‘வ்ரேமே’ வார இதழின் மிலோஷ் வாசிச் போன்றவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்கள். 2000 அக்டோபர் 5-இல் மிலோஷெவிச் வீழ்ந்தார். அவருடைய உளவு எந்திரம் வீழவில்லை. அதன் கடைசித் தலைவர் ராதொமிர் மார்கொவிச் 2001 ஜனவரி வரை பதவியில் நீடித்தார். எத்தனையோ கோப்புகளை அழிக்க அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. 2001-இல் அந்தத் துறை வாடகைக்கு எடுத்திருந்த பெல்கிரேட் வங்கிப் பெட்டகம் ஒன்றைத் திறந்தபோது 600 கிலோவுக்கு மேல் ஹெராயின் இருந்தது. இபார் நெடுஞ்சாலை லாரியும் அத்துறைக்குச் சொந்தமானதுதான். காவலும் கடத்தலும் ஒரே கூரையின் கீழ் நடந்தன என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

பொபொவிச் ஜிஞ்சிச்சின் தாய், சகோதரி சார்பில் 2010-இல் ஒரு புகார் அளித்தார். 2001 நவம்பர்க் கலகமே கொலையின் முதல் கட்டம் என்பதும், அதற்கு அரசியல் ஆதரவு தந்தவர்களை விசாரிக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். அன்றைய யூகோஸ்லாவிய அதிபர் வொயிஸ்லாவ் கோஷ்துனித்சாவின் பெயரும் புகாரில் இருந்தது. அவர் எந்தத் தொடர்பையும் மறுத்தார்; இந்தக் கொலையில் எந்த நீதிமன்றமும் அவர்மீது குற்றம் காணவில்லை. பொபொவிச் 2013-இல் மறைந்தார்.

இதே பார்வையின் இன்னொரு கிளை, ‘மூன்றாவது தோட்டா’ வாதம். தம்மைத் தாக்கிய தோட்டா வேறு திசையிலிருந்து வந்தது என்று மெய்க்காவலர் வெருவொவிச் இன்றுவரை சொல்கிறார். பத்திரிகையாளர் நிகோலா வ்ர்சிச்சோடு சேர்ந்து நூலும் எழுதினார். இரண்டாவது துப்பாக்கிக்காரர் ஒருவர் இருந்தார் என்றால் இரண்டாவது எஜமானரும் இருந்திருப்பார் என்பது இந்த வாதம் தொக்கி நிறுத்தும் முடிவு. ஜெர்மனியின் வீஸ்பாடனில் உள்ள மத்தியக் குற்றப்புலனாய்வு ஆய்வகத்தின் பரிசோதனை உள்ளிட்ட தடயங்களை ஆராய்ந்த நீதிமன்றம் இரண்டு தோட்டாக்கள்தான், ஒரே இடத்திலிருந்துதான் என்ற முடிவுக்கு வந்தது. நேரில் அடிபட்டவரின் சாட்சியத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஓரிரு நொடிகளுக்குள் நடந்ததைப் பற்றிய நினைவு, தடயவியலுக்கு எதிராகத் தனியாக நிற்கப் போதுமா என்பது ஐயமே.

மூன்றாம் விடையின் பலவீனம் பொதுவானது. சூழலை அது நன்றாக விளக்குகிறது; ஆனால் 2003-இல் ஆணையிட்டவர் யார் என்று கேட்டால் பெயரும் ஆவணமும் இல்லாமல் நிற்கிறது.

நான்காம் விடை: பேரத்தின் வட்டி

இன்னொரு தரப்பு ஜிஞ்சிச்சின் பக்கமே கை நீட்டுகிறது. 2000 அக்டோபர் 4 இரவு, மறுநாள் மக்கள் எழுச்சிக்கு முன்பாக, ஜிஞ்சிச் கவச வாகனம் ஒன்றில் லெகியாவைச் சந்தித்தார். கூட்டத்தின் மீது தம் படை சுடாது என்று லெகியா உறுதியளித்தார், சொன்னபடியே நடந்துகொண்டார். அதற்கு விலையாகப் பிரிவு கலைக்கப்படவில்லை. பழைய குற்றங்கள் உடனே கிளறப்படவும் இல்லை. புலிவால் பிடித்தவர் கதை இது என்பது இவர்கள் வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. கொலைக்குப் பிறகு 2003 மார்ச் 25-இல், இரண்டே வாரத்துக்குள், அந்தப் பிரிவைக் கலைக்க முடிந்தது. அதையே 2001-இல் ஏன் செய்யவில்லை என்று கேட்பது நியாயம்தான். சரயேவோவோடு ஒப்பிட்டால் இது இன்னும் கூர்மையாகிறது. அந்நகரைக் காக்கப் போராடிய ‘சாத்சோ’ போன்ற தாதா தளபதிகள் மக்களைக் கொள்ளையடித்தபோது, பொஸ்னிய அரசு முற்றுகைக்கு நடுவிலேயே, 1993 அக்டோபரில், அவர்கள்மீது படையை ஏவியது. சாத்சோ கொல்லப்பட்டார். போர் நடக்கும்போதே ஓர் அரசால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது.

இருந்தாலும் ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. சரயேவோ அரசிடம் அதற்கென்று இராணுவம் இருந்தது. ஜிஞ்சிச் செர்பியக் குடியரசின் பிரதமர். இராணுவமோ கூட்டாட்சி அதிபரான கோஷ்துனித்சாவின் பொறுப்பில். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2001 கலகத்தின்போது சிவப்புத் தொப்பியினரை எதிர்க்கத் துணியும் இன்னொரு படை பிரதமரின் கையில் இருந்ததா என்பதே சந்தேகம். அதோடு, அவர் ஏன் காப்பாற்றப்படவில்லை என்பதைத்தான் இந்த விடை விளக்குகிறது. அவரை யார் கொல்ல விரும்பினார் என்பதை அல்ல.

ஐந்தாம் விடை: போரே வளர்த்த வணிகம்

சமூக அறிவியலாளர்கள் தனிமனிதரை விட்டுவிட்டு அமைப்பைப் பார்க்கிறார்கள். அரசு உருவாவதும் மிரட்டிப் பணம் பறிப்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டில்லி 1985-இலேயே எழுதினார். ஜான் மியூல்லர் 2000-இல் வெளியான கட்டுரையில், யூகோஸ்லாவியப் போர்களை நடத்தியது அண்டை வீட்டாரின் தொன்மையான பகை அல்ல, சிறைகளிலிருந்தும் கால்பந்து அரங்குகளிலிருந்தும் திரட்டப்பட்ட சிறு கும்பல்களே என்றார். மேரி கால்டோர் இதைக் குற்றப் பொருளாதாரத்தில் வாழும் ‘புதிய போர்’ என வகைப்படுத்தினார். ஜேம்ஸ் ரோன், பன்னாட்டு அங்கீகாரம் பெற்ற எல்லைக்கு அப்பால் வெளிப்படையாகப் படை அனுப்ப முடியாத செர்பிய அரசு, பிற்பாடு கைகழுவ வசதியாக ஆயுதக்குழுக்களை ஏவியது என்று காட்டினார். பீட்டர் ஆண்ட்ரியாஸ் பொருளாதாரத் தடைகளின் பங்கைச் சேர்த்தார்.

தடைகளின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1992 மே 30-இல் ஐநா பாதுகாப்பு அவை வணிகத் தடை விதித்ததும், பெட்ரோலும் சிகரெட்டும் உள்ளே வரக் கடத்தலைத் தவிர வழியில்லாமல் போயிற்று. அந்த வழியைத் திறந்துவைத்து அதில் பங்கு எடுத்தது அரசேதான். 1993-இல் அச்சான 50,000 கோடி தினார் நோட்டில் கவிஞர் ஸ்மாயின் படம் இருந்தது. அதைக் கொண்டு வாங்க முடிந்தது கொஞ்சமே. சம்பளம் காகிதமாகிப்போன நாட்டில், ஜெர்மன் மார்க்கும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்களே மேல்தட்டு ஆனார்கள்.

லெகியாவின் பாதை இந்த வரைபடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வரைபடம் அகலமானது. அர்கானும் இதே வழியில் வந்தவர்தான். 1992 இறுதியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், கால்பந்து அணிக்கு அதிபரானார், 2000 ஜனவரி 15-இல் பெல்கிரேட் ஓட்டல் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியல் கொலைகளுக்குத் தண்டனை பெற்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒரே உலையில் வெந்தவர்களில் ஒருவர் பணக்காரராவதும் இன்னொருவர் பிரதமரைக் கொல்வதும் ஏன் என்ற இடத்தில் பொதுக் கோட்பாடு மௌனமாகிவிடுகிறது.

நீதிமன்றங்கள் தொட்டதும் விட்டதும்

ஜிஞ்சிச் வழக்கு அச்சத்தின் நடுவே நடந்தது. கொலைநாளில் கண்டதைச் சொல்லவிருந்த ஒரு சாட்சி 2004 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசுத் தரப்புக்கு மாறிய கும்பல் உறுப்பினர் ஒருவர் 2006-இல் கொலையுண்டார். 14 மாதம் தலைமறைவாக இருந்த லெகியா, அந்த இடைவெளியில் ஒரு நாவலை வேறு வெளியிட்டுவிட்டு, 2004 மே 2-இல் பெல்கிரேடில் தம் வீட்டு வாசலில் சரணடைந்தார்.

மூன்று வழக்குகளின் தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். இபார் சாலை வழக்கிலும் ஸ்டாம்போலிச் வழக்கிலும் லெகியாவுக்கு மேலே இருந்த உளவுத் தலைவர் மார்கொவிச்சும் தண்டிக்கப்பட்டார். ஸ்டாம்போலிச்சைக் கொல்ல ஆணையிட்டவர் மிலோஷெவிச் என்றே 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னது. அதாவது, ஆணை வந்த ஏணி மேல்படி வரை தெரிகிறது. ஜிஞ்சிச் வழக்கில் ஏணி லெகியாவோடும் ஸ்பாசொயெவிச்சோடும் நின்றுவிடுகிறது. ஒன்று, மேல்படியில் இருந்தவர் கண்டுபிடிக்கப்படவில்லை; அல்லது, 2003-இல் மேல்படியே இல்லை, ஏவல் செய்தவர்களே ஏவுபவர்களாகிவிட்டார்கள். மேலே பார்த்த ஐந்து விடைகளின் சச்சரவும் கடைசியில் இந்த இரண்டில் எது என்பதில்தான் வந்து முடிகிறது.

இந்தப் பிரிவின் பிறப்பைப் பொறுத்தவரை சந்தேகம் குறைந்திருக்கிறது. 1997-இல் கூலா முகாமில் நடந்த விழாவின் ஒளிப்பதிவு ஹேக்கில் மிலோஷெவிச் வழக்கில் திரையிடப்பட்டது. பிரிவு 1991 முதலே இயங்குவதாக சிமாதொவிச் அதில் பெருமையோடு விவரிக்கிறார். ஒரு தளபதியிடம், அவருடைய அறிக்கைகளைத் தாம் படித்திருப்பதாக மிலோஷெவிச் சொல்கிறார். ஸ்தானிஷிச்சும் சிமாதொவிச்சும் 2013-இல் விடுதலையானாலும், மறுவிசாரணையில் 2021-இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். 2023 மே 31-இல் மேல்முறையீட்டில் தண்டனை 15 ஆண்டுகளாக உயர்ந்தது. 2021 தீர்ப்பின் மையத்தில் இருந்த ஊர் பொசான்ஸ்கி ஷாமாத்ஸ். 1952-இல் ஜிஞ்சிச் பிறந்த ஊரும் அதுவே.

இன்னும் முடியாதவை

இன்று கிடைக்கும் சான்றுகளை வைத்துச் சில முடிவுகளைச் சொல்லலாம். கும்பல், அரசு என்று இரண்டு தனி உலகங்கள் இருந்தன, லெகியா ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினார் என்ற சித்திரம் நிற்காது. ஹெராயின் இருந்த பெட்டகமும், உளவுத் துறையின் லாரியும், பணியில் இருந்த துப்பாக்கிக்காரரும் அதற்கு எதிராகப் பேசுகின்றன. கொலையின் நாளைக் கும்பலின் நெருக்கடி தீர்மானித்திருக்க வேண்டும். துணிச்சலைத் தந்தது, 2001 கலகத்துக்குத் தண்டனைக்குப் பதில் பலன் கிடைத்த அனுபவமாக இருக்கலாம். ஹேக் அச்சம் ஆள்சேர்க்க உதவியது. இவை ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

அரசியல் தூண்டுதல் எவ்வளவு என்பது மட்டும் கணக்கில் வரவில்லை. நேரடி ஆணைக்கு இதுவரை சான்று இல்லை. அப்படி ஆணையே இல்லாமலும், அரசு கவிழ்ந்தால் வரவேற்பு கிடைக்கும் என்ற குறிப்பை யாராவது காட்டியிருக்கலாம். அதை எந்தத் தீர்ப்பும் முழுதாக ஆராயவில்லை. பழைய உளவுத் துறையின் கோப்புகள் பொதுமக்களுக்கு முழுமையாகத் திறக்கப்படாதவரை இதில் முன்னேற்றம் கடினம். போகும் திசையும் ஊக்கம் தருவதாக இல்லை. நேட்டோ குண்டுவீச்சின் நடுவே 1999 ஏப்ரல் 11-இல் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஸ்லாவ்கோ சுருவியாவின் வழக்கில், மார்கொவிச் உட்பட உளவுத் துறையைச் சேர்ந்த நால்வரும் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டதாக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கொலைக்கு இப்போது சட்டப்படி கொலையாளி இல்லை. ஜிஞ்சிச் வழக்கில் கொலையாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே யாரேனும் இருந்தார்களா என்ற கேள்விக்குத் தீர்ப்பில் விடையும் இல்லை, மறுப்பும் இல்லை.